சூடேறாத கம்ப்ரஸரும் என் மச்சினனும்

கம்ப்ரஸரின் அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்தேன். சில்லென்றிருந்தது.

சிராங்கூன் சாலையில் ஒரு ஜவுளிக்கடை. அதன் பின்புறச் சந்தில், புதிதாகப் பூசிய சிமெண்டுத் திட்டின் மேல் அந்த இயந்திரம் உட்கார்ந்திருந்தது. விடியற்காலையில் பெய்த மழை ஓய்ந்து, கூரைத் தகரத்திலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. முன்பக்கத்திலிருந்து சாம்பிராணி வாசம் வந்தது. வாசலில் வாழைமரம் கட்டியாகிவிட்டது. பட்டுப்புடவையும் மல்லிகையுமாக விருந்தாளிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் நல்ல நேரம். என் மச்சினன் தங்கராசு சுவிட்சைப் போடுவான், கடை முழுக்கக் குளிரும், அவன் கழுத்தில் மாலை விழும்.

எனக்கு அந்த மாலையை நினைத்தாலே வயிறு எரிந்தது. அதனால்தான் முன்பக்கம் நிற்காமல் பின்சந்துக்கு வந்திருந்தேன். வந்த இடத்தில் கை சும்மா இருக்கவில்லை.

அந்த இரும்பு சூடாக இருந்திருக்க வேண்டும். முதல் நாள் மதியத்திலிருந்தே சூடேறிக்கொண்டிருக்க வேண்டிய இரும்பு அது.

போன வாரம் நான் ஏணியிலிருந்து விழுந்த கதையைப் படித்துவிட்டு வாசகர்கள் சிலர் பத்திரிகைக்கு எழுதி என் இடுப்பை விசாரித்திருக்கிறார்கள். இடுப்பு நலம். இந்த வாரம் தங்கராசுவைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் என் மனைவி பாக்கியம் அடுப்படியிலிருந்து, “என் தம்பியப் பத்தி எழுதுறதா இருந்தா நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க” என்றாள். அந்த நாலு வார்த்தையை இத்தனை வருஷமாக அவனே சொல்லிக்கொண்டிருக்கிறான். நான் வேறு எதற்கு?

குளிர் மெஷினுக்கு அடுப்பு

குளிர்சாதனத்துக்குள் சூடேற்றும் கம்பி ஒன்று உண்டு என்று சொன்னால் இன்றைக்கும் ஆட்கள் சிரிக்கிறார்கள். கடை முதலாளி ரங்கநாதனும் அன்று சிரித்தார். “இந்த ஊரே வெந்துகிட்டு இருக்கு. இதுல மெஷினுக்கு வேற அடுப்பு வைக்கிறீங்களா?” என்றார்.

விஷயம் இதுதான். கம்ப்ரஸரின் அடியில் எண்ணெய் இருக்கும். இயந்திரம் ஓடாமல் நிற்கும்போது குளிரூட்டும் கேஸ் மெல்ல மெல்ல வந்து அந்த எண்ணெயோடு கலந்துவிடும். அப்படியே சுவிட்சைப் போட்டால், கலந்த கேஸ் ஒரே மூச்சில் கொதித்து, எண்ணெய் நுரைத்துப் பொங்கிக்கொண்டு மேலே ஏறும். பிஸ்டனுக்குக் கேஸை அமுக்கத்தான் தெரியும். எண்ணெயை அமுக்கச் சொன்னால் உள்ளே இருக்கும் வால்வுத் தகடு உடையும், சமயத்தில் அதற்குப் பெரியதும் உடையும்.

ஆகவே எண்ணெய்க்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஹீட்டர். மோட்டார் நின்றாலும் ஹீட்டருக்கு மட்டும் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும்படி வயர் இழுப்போம். புது மெஷின் என்றால் ஒரு ராத்திரி முழுக்கச் சூடாக விட்டுத்தான் முதல் தடவை கிளப்ப வேண்டும். அதற்குக் குறைந்தால் கிளப்பக் கூடாது.

அப்போதெல்லாம் இந்த மாதிரிப் பெரிய குளிர்சாதனம் வங்கிகளிலும் சினிமாக் கொட்டகைகளிலும்தான் இருந்தது. நம் ஆட்களின் துணிக்கடைக்கு அது வருவது பெரிய செய்தி. ரங்கநாதனுக்கு ஒரே ஒரு கவலை. பட்டுப்புடவையைப் பிரித்துப் பார்க்கிறவர்களின் விரல் வியர்வை, வெளிர் நிறப் பட்டில் கறையாக விழுந்துகொண்டிருந்தது. குளிர் வந்தால் கை வியர்க்காது, கறை விழாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எதிர்க்கடைக்காரர் பார்த்துப் பெருமூச்சு விடுவார் என்பதையும் அவர் கணக்கில் சேர்த்திருப்பார். எனக்குத் தெரியாத சங்கதியா அது?

நானே கொண்டுவந்து விட்டது

தங்கராசுவை, குளிர்சாதனம் பொருத்தும் எங்கள் கம்பெனியில் சேர்த்துவிட்டதே நான்தான். இதை இங்கே அச்சில் பதிவு செய்துவைக்கிறேன்.

பாக்கியத்துக்கு அவன் ஒரே தம்பி. கேலாங்கில் ஒரு லோராங் சந்துக்குள்ளே நாங்கள் குடியிருந்த வீட்டில் எங்களோடுதான் இருந்தான். வேலையில்லாமல் கோப்பிக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவனை, என் தவுக்கேயிடம் கூட்டிப்போய், “என் பெண்டாட்டி தம்பி, நல்ல பையன்” என்று மலாயில் சொன்னேன். தவுக்கே சீன முதலாளிகளிலேயே அதிகம் பேசாத ரகம். தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

கொஞ்ச நாள் என் பின்னால் வயர் சுருளைத் தூக்கிக்கொண்டு நடந்தான். பிறகு சாயங்கால வகுப்புக்குப் போனான். பிறகு இங்கிலீஷில் பேச ஆரம்பித்தான். வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் சைட்டுக்கு வந்தபோது, நான் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவன் அவரிடம் பேசிச் சிரித்துவிட்டான். என்ன பேசினான், ஏன் சிரித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த வாரமே புது மெஷின்களைக் கிளப்பி வைக்கும் வேலை அவனுக்குப் போயிற்று.

வயரிங் ஆளான எனக்கு அதில் என்ன குறை என்று கேட்பீர்கள். சொல்கிறேன். வெயிலில் சுவரைக் கொத்தி, குழாய் பதித்து, அதற்குள் வயரை இழுத்து, முனைகளை முறுக்கி, எர்த் கம்பியை மண்ணில் இறக்கி, எல்லாவற்றையும் செய்தவன் நான். கடைசியில் சலவைச் சட்டையோடு ஒருவன் வந்து, மெக்கர் பெட்டியின் கைப்பிடியைச் சுற்றி, என் வயரில் கசிவு இருக்கிறதா என்று என்னிடமே பரிசோதித்துக் காட்டுவான். பிறகு சுவிட்சைப் போடுவான். ஜில்லென்று காற்று வரும். அந்தக் காற்றுக்கு எல்லாரும் அவனைப் பார்த்துக் கும்பிடுவார்கள்.

பொறாமையா என்றால், ஆமாம். பொறாமை என்று ஒரு வார்த்தை தமிழில் இல்லாமல் இருந்திருந்தால், அந்த வருஷம் நான் ஒன்றைக் கண்டுபிடித்திருப்பேன்.

ரங்கநாதன் கடை வேலை முடிந்ததும் எங்களில் ஒருவர் மண்டோர் ஆவார், அதாவது மற்ற ஆட்களை நடத்தும் மேஸ்திரி, என்று பேச்சு அடிபட்டது. வீட்டிலோ பாக்கியம், வறுத்த மீனில் பெரிய துண்டைத் தம்பி தட்டில் வைக்க ஆரம்பித்திருந்தாள். மண்டோர் வேலையைவிட அந்த மீன்துண்டுதான் என்னை அதிகம் உறுத்தியது. அவள் யார் பக்கம் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும் போலிருந்தது.

தொணதொணப்பு

அவன் வேலையில் நான் குற்றம் கண்டுபிடிக்கத் தொடங்கினேன். ஃபியூஸ் பெட்டி சாய்ந்திருக்கிறது என்றேன். ரசமட்டம் வைத்துப் பார்த்தார்கள், நேராக இருந்தது. ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது என்றேன். அவன் சுவிட்சை ஒரு கணம் போட்டு அணைத்துக் காட்டினான், சரியாகத்தான் சுற்றியது. எர்த் கம்பி லூஸ் என்றேன். அதை முடுக்கியவன் நானே என்பதைச் சொல்லும்போது மறந்துவிட்டேன்.

தவுக்கே என்னைப் பார்த்து, “ஜாங்கான் பிசிங் லா” என்றார். தொணதொணக்காதே என்று அர்த்தம். கூட இருந்த ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். வீட்டுக்குப் போனால் பாக்கியம், “எப்பப் பாத்தாலும் அவன நோண்டிகிட்டே இருந்தா எப்படிங்க?” என்றாள்.

ஆக, உண்மையான கோளாறு ஒன்று என் கையில் தட்டுப்பட்ட அந்தக் காலையில், என் வார்த்தைக்கு அந்தக் கடையில் நயா பைசா மதிப்பில்லை.

விளக்கு எரிந்தது

தங்கராசுவைப் பின்சந்துக்குக் கூப்பிட்டேன். நெற்றியில் சந்தனம் வைத்துக்கொண்டு வந்தான். அக்கா வைத்துவிட்ட சந்தனம்.

“ஹீட்டர் வேலை செய்யல. அடி சில்லுன்னு இருக்கு. இன்னிக்குப் போடாதே.”

அவன் குனிந்து பார்க்கவில்லை. சுவரில் இருந்த சிவப்பு விளக்கைக் காட்டினான். “அத்தான், லைட் எரியுது பாருங்க. ஹீட்டருக்குக் கரண்ட் போகுது. நேத்து மத்தியானமே நான் ஆன் பண்ணிட்டேன்.”

“இப்பப் போகுது. ராத்திரி போச்சா? அதைக் கேளு முதல்ல.”

எனக்குச் சந்தேகம் தட்டிய இடம் அதுதான். அந்த வரிசைக் கடைக்காரர்கள் எல்லாருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. எப்போதோ பக்கத்துத் தெருவில் கரண்ட் கோளாறால் ஒரு கடை எரிந்துபோனதிலிருந்து வந்தது. சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டுவார்கள், அதை அணைப்பார்கள், அதே கையால் மெயின் சுவிட்சைக் கீழே தள்ளுவார்கள், பிறகுதான் பூட்டு. காலையில் திறந்ததும் முதல் வேலையாக மெயினை மேலே தள்ளுவார்கள். மெயினை மேலே தள்ளினால் எங்கள் சிவப்பு விளக்கும் எரியும். கரண்ட் இருக்கிறது என்று விளக்கு சொல்லும். எப்போதிலிருந்து இருக்கிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

“மெயினை அணைக்காதீங்கன்னு முதலாளிகிட்ட நான் சொல்லிட்டுத்தான் போனேன்” என்றான் தங்கராசு.

ரங்கநாதனைக் கூப்பிட்டுக் கேட்டோம். பட்டு வேட்டியும் மோதிரமுமாக, வந்தவர்களை வரவேற்கிற அவசரத்தில் இருந்தார். “நான் எதுக்குங்க அணைக்கிறேன்? சொன்னா புரியாத ஆளா நானு?” என்றார். நாலு பேர் முன்னால் கேட்டது அவருக்குப் பிடிக்கவில்லை என்று நன்றாகத் தெரிந்தது.

“கை வச்சுப் பாரு தங்கராசு” என்றேன் மறுபடியும்.

“அத்தான், நல்ல நேரம் போயிட்டிருக்கு. எல்லாரும் வெயிட் பண்றாங்க. இன்னிக்கு ஒரு நாளாச்சும் விட்டுடுங்களேன்.”

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. கெஞ்சினான். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆட்களுக்கு முன்னால் நான் சின்னவனாகிவிட்டேன்.

அவன் கை கழுவப் போனதும், மோட்டாருக்கு மட்டும் கரண்டை நிறுத்தும் ஐசொலேட்டர் சுவிட்சை அணைத்தேன். பெட்டியைத் திறந்து, மோட்டாருக்குப் போகும் பீங்கான் ஃபியூஸ் மூன்றையும் உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஹீட்டர் ஃபியூஸைத் தொடவில்லை. அது எரியட்டும். திரும்பினால் பின்கதவில் பாக்கியம் நின்றுகொண்டிருந்தாள். கையில் தம்பிக்கான மாலை வைத்த தட்டு. என் சட்டைப்பை கீழே தொங்கியதைப் பார்த்தாள். நான் அவளைத் தாண்டிப் போய்விட்டேன்.

ராகு காலம் வரை

சாலைக்கு அந்தப்பக்கத்துக் கோப்பிக்கடையில் போய் உட்கார்ந்தேன். பால் சேர்க்காத கோப்பி ஓ ஒன்று சொல்லிவிட்டு, கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் இருக்கும் மேசையாகப் பார்த்துக்கொண்டேன். அங்கிருந்து ஜவுளிக்கடை வாசல் தெரியும். வாசலில் நிற்பவர்களுக்கு நான் தெரியமாட்டேன்.

சுவிட்சைப் போட்டிருப்பார்கள். ஒன்றும் நடந்திருக்காது. மறுபடி போட்டிருப்பார்கள், பிறகு ஃபியூஸ் இல்லை என்று கண்டு என்னைத் தேடியிருப்பார்கள். வாசலுக்கு ஆட்கள் வருவதும் உள்ளே போவதுமாக இருந்தார்கள். பட்டுப்புடவைக்காரர்கள் விசிறிக்கொண்டார்கள். தங்கராசுவின் சலவைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டதை அத்தனை தூரத்திலிருந்தும் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ராகு காலம் தொடங்கியதும் எழுந்துபோய் ஃபியூஸ்களைத் தவுக்கேயின் கையில் கொடுத்தேன். இனி அன்றைக்கு ரங்கநாதன் சுவிட்சைத் தொட விடமாட்டார், அது எனக்குத் தெரியும். தவுக்கே கத்தவில்லை. “நாளைக்குப் போடுவோம். மெஷின் ஒழுங்கா ஓடிச்சுன்னா, இனிமே நீ வீட்டு ஃபேன் ரிப்பேருக்குப் போ. புது வேலை உனக்குக் கிடையாது” என்று மலாயில் சொல்லிவிட்டு, காருக்குள் ஏறிக்கொண்டார்.

இதில் இருந்த சிக்கலைப் பாருங்கள். நாளைக்குள் எண்ணெய் சூடாகிவிடும். சூடானால் மெஷின் ஒழுங்காக ஓடும். ஒழுங்காக ஓடினால் நான் பொறாமையில் ஃபியூஸைப் பிடுங்கியவன் என்று முடிவாகிவிடும். மெஷின் உடைந்தால்தான் நான் சொன்னது உண்மை. உடையக் கூடாது என்றுதானே பிடுங்கினேன்?

அன்று கடை பூட்டும் நேரத்துக்கு நான் மட்டும் அங்கே போய் நின்றேன். ரங்கநாதன் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கற்பூரம் காட்டினார், கண்ணில் ஒற்றிக்கொண்டார், அணைத்தார். அணைத்த கை அப்படியே மெயின் சுவிட்சுக்குப் போயிற்று. பிடியில் விரல் பட்டுவிட்டது. நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் தன் கையையே பார்த்தார். “பழக்கம் பா” என்றார். பிறகு, “நேத்து அணைக்கல. நேத்து ஞாபகம் இருந்துச்சு” என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று சுவிட்சுப் பிடியை வயர் போட்டுக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

சோற்றின் முன்னால் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னேன். தங்கராசு தட்டைப் பார்த்துக்கொண்டே, “இன்னிக்கு அவரு கை மெயினுக்குப் போச்சுன்னா நேத்தும் போயிருக்கும்னு அர்த்தமா அத்தான்? எத்தனை பேரு முன்னாடி என் மானத்த வாங்கிட்டீங்க” என்றான். எழுந்து கை கழுவிவிட்டான். பாக்கியம் மீன்துண்டை யார் தட்டிலும் வைக்கவில்லை. அவளைப் பார்த்தேன். அவள் ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தாள். மண்டோர் வேலை போனால் போகட்டும், இவளும் நம்பவில்லையே என்பதுதான் என்னை அன்றைக்குத் தூங்கவிடவில்லை.

மறுநாள்

மறுநாள் கூட்டம் பாதிதான். வாழைமரம் வாடியிருந்தது. இரவெல்லாம் சிவப்பு விளக்கு எரிந்திருந்தது, என் வயர்க்கட்டும் அப்படியே இருந்தது. தங்கராசு ஃபியூஸ்களைப் பொருத்தினான். தவுக்கே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரங்கநாதன் சூடம் ஏற்றினார். நான் ஓரமாகச் சுவரில் சாய்ந்து நின்றேன். என் பக்கத்தில் வந்து நிற்க யாருக்கும் ஆசையில்லை.

தங்கராசு சுவிட்சில் கை வைத்தான்.

“இரு தம்பி” என்றது பாக்கியத்தின் குரல்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். ஆம்பளைகள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்து, “எங்கங்க தொடணும்?” என்று கேட்டாள்.

எண்ணெய் இருக்கும் அடிப்பகுதியை விரலால் காட்டினேன். அவள் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். வளையல் இரும்பில் இடித்தது. வைத்த கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

“சூடா இருக்கு” என்றாள். பிறகு தம்பியிடம், “நேத்து நீ தொட்டுப் பார்த்தியா?”

தங்கராசு தவுக்கேயைப் பார்த்தான், ரங்கநாதனைப் பார்த்தான். “இல்லக்கா. லைட்டத்தான் பார்த்தேன்.”

“தொடு.”

அவன் சுவிட்சை விட்டுவிட்டு வந்தான். முட்டி போட்டு உட்கார்ந்து கையை வைத்தான். வைத்தபடியே கொஞ்ச நேரம் இருந்தான். எழுந்தபோது அவன் என்னைப் பார்க்கவில்லை. தவுக்கேயிடம் போய், “நேத்து நான் செக் பண்ணல, பாஸ். அத்தான்தான் செக் பண்ணாரு” என்று சொன்னான். இங்கிலீஷில்தான் சொன்னான். ஆனாலும் அந்த ஒரு வாக்கியம் எனக்குப் புரிந்தது.

தவுக்கே தலையை ஆட்டினார். ரங்கநாதன் தன் மோதிரத்தைத் திருகிக்கொண்டு நின்றார். தங்கராசு சுவிட்சைப் போட்டான்.

மெஷின் ஓடியது. அது ஓடிய அழகை நானே ஒத்துக்கொள்கிறேன். உள்ளே ஜனங்கள் முகத்தைத் தூக்கிக் காற்று வாங்கினார்கள். மாலை தங்கராசு கழுத்தில்தான் விழுந்தது. அந்த மாசமே மண்டோர் ஆகிவிட்டான். என்னை ஃபேன் ரிப்பேருக்கு அனுப்பவில்லை, அவ்வளவுதான். பிற்காலத்தில் அவன் எந்தப் புது மெஷினைக் கிளப்பப் போனாலும் முதலில் அடியில் கை வைத்துக் கண்ணை மூடி நிற்பான். பக்திமான் என்று அதற்கும் ஊரில் அவனுக்குப் பெயர். எனக்கு அதிலும் வயிறு எரியத்தான் செய்தது, இன்றைக்கும் எரிகிறது. இப்போது காத்தோங்கில் சொந்த வீட்டில் இருக்கிறான். இந்தப் பத்திரிகையைத் தவறாமல் வாங்குகிறான். படிக்கட்டும்.

அன்று மத்தியானம் கேலாங் பஸ்ஸுக்காக நானும் பாக்கியமும் சிராங்கூன் சாலையில் நின்றுகொண்டிருந்தோம். தங்கராசுவை ரங்கநாதன் விருந்துக்குப் பிடித்து வைத்துக்கொண்டார். எங்களைக் கூப்பிட்டார்களா என்று கேட்காதீர்கள். அவள் உள்ளங்கை இன்னும் சிவந்திருந்தது. அதைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே நின்றாள்.

“நீதான் என்னை நம்பலையே. அப்புறம் எதுக்கு அத்தனை பேரு முன்னாடி போய்த் தொட்டே?” என்று கேட்டேன்.

“நம்பலன்னு நான் எப்பச் சொன்னேன்?” என்றாள். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். “நீங்க பொறாமை புடிச்ச ஆளுதான். அது எனக்குத் தெரியாதா? ஆனா பொய் சொல்ற ஆளு இல்லையே.”

அதில் முதல் பாதியை அவள் சொல்லாமல் விட்டிருக்கலாம்.